காற்றைக் கழிக்காத கணக்கு

ஒரு கல்யாண வீட்டில் தங்கை மகன் கேட்டான்: “மாமா, சென்னையிலிருந்து சிங்கப்பூர் கிட்டத்தட்ட 2,900 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 போகும். மூணேகால் மணி நேரம்னு நானே சொல்லிடுவேன். இதுக்கா ராத்திரி ராத்திரி கண் முழிச்சீங்க?”

விமானங்களுக்கு வழியும் எரிபொருளும் கணக்கிட்டுத் தந்து ஓய்வுபெற்ற டிஸ்பாட்சரிடம் கேட்கக் கூடாத கேள்வி. அட்டவணையில் ஏன் நாலு மணி நேரத்துக்கு மேல் போடுகிறார்கள் என்று அவன் யோசிக்கவில்லை. அந்த அட்டவணை நேரத்தில் தரையில் ஓடுவது (டாக்ஸி), கிளம்பும் வழி (சிட்), இறங்க வரும் வழி (ஸ்டார்) எல்லாம் அடக்கம். அது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது காற்றைப் பற்றி.

எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் எடுத்தவுடன் ஒரு கணக்குப் போட்டார். தூரம் 2,400 நாட்டிகல் மைல், விமானத்தின் வேகம் 480 நாட், அதாவது மணிக்கு 480 நாட்டிகல் மைல். போகும்போது 80 நாட் பின்காற்று, வரும்போது அதே 80 எதிர்காற்று. போய்வர எவ்வளவு நேரம்? இரண்டும் அடிபட்டுப் போகும், பத்து மணி நேரம் என்றார்கள் உடன் இருந்தவர்கள். “போட்டுப் பாருங்கடா” என்றார். போக 4 மணி 17 நிமிடம், வர 6 மணி. பதினேழு நிமிடம் உதைக்கிறது. “பின்காத்துல சீக்கிரம் வெளியே வந்துடறே, எதிர்காத்துல நெடுநேரம் மாட்டிக்கறே. அது குடுத்ததைவிட அதிகமாத்தான் பிடுங்கும்” என்றார். அந்தப் பதினேழு நிமிடத்துக்கும் எரிபொருள் வேண்டும். காற்று வரைபடமான வின்ட் சார்ட்டைப் பார்க்காமல் ஃப்ளைட் பிளானை நீட்டினால், படிக்காமலே திருப்பித் தள்ளிவிடுவார்.

ஆடி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே தென்மேற்குப் பருவக்காற்று. மேலே, ஜெட் பறக்கும் உயரத்திலோ காற்று கிழக்கிலிருந்து வீசும். அந்தக் கிழக்கு ஜெட் காற்றோட்டத்தை 1950களில் ஆராய்ந்து எழுதியவர் நம் வானிலைத் துறையின் பி. கோட்டேஸ்வரம். அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகிறவனுக்கு எதிர்காற்று, திரும்புகிறவனுக்குப் பின்காற்று. தூரம் அதேதான், நேரம் வேறு, டேங்கில் ஏற்றுவதும் வேறு.

2016 அக்டோபரில் ஏர் இந்தியா, டில்லி–சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாக அனுப்பியது. 13,900 கிலோமீட்டருக்குப் பதில் ஏறக்குறைய 15,300. ஆனாலும் சுமார் பதினாலரை மணி நேரத்தில், பழைய வழியைவிட முன்னதாகவே போய் இறங்கியது. பூமி சுழல்வதால் என்று விளக்கம் சொன்னவர்களும் உண்டு. பூமியோடுதான் காற்றும் சுழல்கிறது, ஐயா! உதவியது பின்காற்று.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மென்பொருளும் என்னைவிட வேகமாகவே கணக்குப் போடும். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் இது எத்தனை மணிக்கான காற்று, ஏன் இந்த உயரம், மாற்று விமான நிலையத்தில் மழையா என்று கேட்டால் திரையைக் காட்டுகிறார்கள். முதலில் வந்த ரூட்டையே எடுத்துக்கொள்கிறார்கள். ‘இந்தப் பிரிவுக்கு இவ்வளவு ஆள் எதற்கு’ என்று கேட்கும் அதிகாரிகளுக்கும் அதுதான் வசதி. பிளானில் கையெழுத்துப் போடுவது இன்னமும் மனிதன்தான். போடுமுன் ஒரு தடவை வின்ட் சார்ட்டைப் பார் என்பது கிழவனின் பிடிவாதம் என்றால், இருந்துவிட்டுப் போகட்டும்.