என்னைத் தெரிகிறதா, அம்மா?

என்னைப் பெற்ற தாய் என்னைச் "சாமி" என்று அழைக்கத் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. பூவிருந்தவல்லிக் குருமடத்தில் படிப்பை முடித்து, குருப்பட்டம் பெற்று ஊர் திரும்பிய அன்று, வாசலிலேயே என் கைகளை முத்தி செய்து, "உள்ள வாங்க சாமி" என்றார். அதற்கு முந்திய நாள்வரை "டேய்" என்று அழைத்த வாய் அது. எனக்குக் கூச்சமாகிவிட்டது. "அம்மா, நான் உன் பிள்ளைதானே?" என்றேன். "பிள்ளை வேற, பட்டம் வேற" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அந்த மரியாதை பின்னொரு நாள் எனக்குப் பெரிய சோதனையாக வரும் என்று அன்று நான் நினைக்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. மறதி நோய் கண்டு, கன்னியர் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நான் உள்ளே நுழைந்ததும் கைகுவித்து, "ஸ்தோத்திரம் சாமி" என்கிறார். இது மகனுக்குச் சொன்ன ஸ்தோத்திரமா? அல்லது வெள்ளை அங்கி அணிந்து வரும் எந்தக் குருவுக்கும் சொல்லும் ஸ்தோத்திரமா? மூன்று ஆண்டுகளாக என்னால் பிரித்தறிய முடியவில்லை. அவரை நான் வெறுமனே மகனாகவே இருந்து பார்க்க வந்திருந்தால், "நீ யார்?" என்றாவது கேட்டிருப்பார், அதையேனும் ஒரு விடையாகக் கொண்டிருப்பேன்.

எங்கள் குடும்பம் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தேர்வாய் கண்டிகையைச் சார்ந்தது. அம்மா இளமையில் ஆடு மேய்த்த நிலம் இன்று மேய்ச்சல் நிலமாக இல்லை. ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த மேய்க்கால் புறம்போக்கை, ஊராரின் எதிர்ப்புக்கும் போராட்டத்துக்கும் இடையே, 2000-களின் இறுதியில் அரசு எடுத்துக்கொண்டது. அங்கே சிப்காட் தொழிற்பூங்கா எழுந்தது. கண்ணன்கோட்டை ஏரியும் எங்கள் ஏரியும் இணைக்கப்பட்டு, 50 கோடி கன அடி கொள்ளும் நீர்த்தேக்கமாகி, 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. இன்று சென்னை மாநகரின் தாகம் தீர்க்கும் நீரில் எங்கள் ஊர் நீரும் ஒரு பங்கு. இவற்றால் வந்த நன்மையையும் இழப்பையும் எடைபோடுவது என் நோக்கமன்று. அம்மாவின் நினைவில் இருக்கும் ஊர் வேறு, கண்முன் இருக்கும் ஊர் வேறு என்பதை வாசகர் அறியவேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

ஓர் இரவு அம்மா வீட்டில் இல்லை. ஊரே தேடியது. விடியற்காலையில் ஒரு தொழிற்சாலையின் மதில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தவரை வாயிற்காவலர் ஒருவர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். "என் ஆட்டையெல்லாம் உள்ள அடைச்சி வெச்சிட்டாங்க" என்று அம்மா அழுதாராம். அண்ணன் மகனும் மருமகளும் இருவருமே ஆலையில் 'ஷிப்டு' வேலை பார்ப்பவர்கள். பகலில் ஒருவர் உறங்கவேண்டும், இரவில் ஒருவர் உழைக்கவேண்டும். கதவைப் பூட்டிவிட்டுப் போவதா, வேலையை விடுவதா என்று அவர்கள் தவித்தார்கள். கடைசியில் இல்லத்தில் சேர்க்கும் முடிவை எடுத்தவன் நான்தான். "சாமியாரைப் பெற்றவளுக்கே இந்தக் கதி" என்று பேசியவர்கள் உண்டு. "தாய் தந்தையை மதித்து நட" என்று மறையுரையில் சொல்லும்போதெல்லாம் என் தொண்டை அடைத்தது.

மறதி நோயைப் பலர் முதுமையின் இயல்பு என்றே எண்ணுகிறார்கள். அது இயல்பன்று, மூளையின் நோய். அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1906-ஆம் ஆண்டிலேயே இதை விவரித்தார். பின்னர் அவர் பெயராலேயே வழங்கும் அந்த நோய்தான் இவ்வகை மறதிக்குப் பெரும்பாலும் காரணமாகிறது. நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களுள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர், அதாவது நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், மறதி நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிடுகிறது. நம் பங்குகளில் எத்தனை வீடுகளில் இந்தத் துயரம் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். பொதுவாக அண்மை நினைவுகளே முதலில் அழிகின்றன; இளமை நினைவுகள் நெடுநாள் நிற்கின்றன. காலையில் சாப்பிட்டதை மறந்தவர், அறுபது ஆண்டுகளுக்கு முன் மேய்த்த ஆட்டைத் தேடிப் போவது இதனால்தான்.

இதையெல்லாம் அறியாத நாளில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் அம்மாவின் எதிரே அமர்ந்து, "என்னைத் தெரிகிறதா? இன்று என்ன கிழமை? அண்ணன் பெயர் என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்பினால் கேட்பதாகவே எண்ணினேன். உண்மையில் அது தேர்வு. மாணவரோ எப்போதும் தோற்கிறவர். அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியலியே சாமி" என்பார். அடுத்த வாரம் போவதற்கு எனக்கே மனம் வராது. இரண்டு வாரம் மூன்று வாரமாயிற்று.

அந்நாளில் ஒரு நன்கொடையாளர் இல்லத்துக்கு டேப்லெட் எனப்படும் கைக்கணினிகள் இரண்டைக் கொடுத்தார். எனக்கு மகிழ்ச்சி. நான் வராத ஞாயிறுகளில் அம்மா திருப்பலி காணட்டும் என்று, நேரலையைத் திறந்து அவர் எதிரே வைக்க ஏற்பாடு செய்தேன். இரண்டு வாரம் கழித்துப் பொறுப்புச் சகோதரி என்னைத் தனியே அழைத்தார். "ஃபாதர், அம்மா பூசை முழுக்க நின்றுகொண்டே இருக்கிறார்கள். திரையில் சாமி தம்மையே பார்ப்பதாக நினைத்து, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கால் வீங்கிவிட்டது" என்றார். நான் வெட்கினேன். அருகிருந்து தோளைத் தொட்டு, "உட்காரம்மா" என்று சொல்ல வேண்டிய ஆளுக்குப் பதிலாகக் கருவியை அனுப்பியிருந்தேன்.

அடுத்து அண்ணன் மகன் ஒரு முயற்சி செய்தான். குடும்பப் படங்களையெல்லாம் அந்தக் கருவியில் ஏற்றிக் கொண்டுவந்தான். என் குருப்பட்டப் படம் வந்தது. அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தச் சாமி யாரு?" என்று மெல்லக் கேட்டார். எங்கள் இருவர் முகத்திலும் எதையோ கண்டிருக்கவேண்டும். ஏதோ தவறு செய்துவிட்டவர்போல் வாய் மூடிக்கொண்டார். மீண்டும் அதே தேர்வு, இம்முறை படத்தோடு.

முதியோர் பணியில் பயிற்சி பெற்ற அந்தச் சகோதரிதான் எங்களுக்கு வழிகாட்டினார். அவர் சொல்லக் கேட்டு நானும் படித்தேன். ஸ்காட்லாந்தில் டண்டீ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தார் 2000-களின் தொடக்கத்தில் மறதி நோயாளருக்காகவே ஒரு தொடுதிரைக் கணினி முறையை அமைத்தார்கள். 'சர்க்கா' என்பது அதன் பெயர். அதில் அவர்கள் குடும்பப் படங்களை வைக்கவில்லை. பழைய தெருக்கள், வேலைகள், விளையாட்டுகள், பாடல்கள் போன்ற பொதுவான காட்சிகளையே வைத்தார்கள். குடும்பப் படம் "இது யார்?" என்று கேட்கும், அதற்கு ஒரே ஒரு சரியான விடைதான் உண்டு. பழைய சந்தைத் தெருவின் படமோ எதையும் கேட்பதில்லை. எதைச் சொன்னாலும் அது சரியே. நோயாளரும் பராமரிப்பவரும் ஒன்றாக அமர்ந்து திரையைப் பார்த்தபோது, பராமரிப்பவர் கேள்வி கேட்பது குறைந்து, நோயாளர் தாமே பேச்சைத் தொடங்கினார்கள் என்று கண்டார்கள்.

அமெரிக்காவில் டான் கோஹன் என்ற சமூகப் பணியாளர் 2006-ஆம் ஆண்டு முதல், முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்கு அவரவர் இளமையில் விரும்பிய இசையைச் சிறு கருவியில் பதிந்து காதில் கேட்கச் செய்தார். நம் சென்னையிலேயே ஸ்கார்ஃப் நிறுவனத்தார், இங்கிலாந்தில் உருவான ஒரு குழுப் பயிற்சியை நம் மக்களின் பழக்கத்துக்கேற்ப மாற்றிச் செய்து பார்த்து, அதன் விவரத்தை 2017-இல் வெளியிட்டார்கள். வாரம் இருமுறை, பதினான்கு அமர்வுகள் நடக்கும் அந்தப் பயிற்சியிலும் 'நினைவிருக்கிறதா?' என்று சோதிப்பதில்லை; 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்றே கேட்கிறார்கள்.

ஆகவே அண்ணன் மகன் தன் விடுமுறை நாளில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினான். ஆட்டு மந்தை, வேர்க்கடலை பிடுங்கும் பெண்கள், அம்மிக்கல் அரைபடும் ஓசை, கோவில் மணி, நீர்த்தேக்கம் எனச் சிறு சிறு காட்சிகளாகப் பிடித்துவந்தான். ஒரு வியாழக்கிழமை பிற்பகல், அம்மாவின் எதிரே அல்ல, அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன். கருவியை இருவர் மடிக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன்.

நீர்த்தேக்கத்தைக் கண்டதும் அம்மா பயந்துவிட்டார். "ஏரி ஒடைச்சிக்கிச்சு! ஓடுங்க!" என்று என் கையைப் பிடித்தார். உடனே அதை மாற்றினோம். பின் ஒருநாளும் காட்டவில்லை. அடுத்து ஆடுகள் வந்தன. அம்மா முன்னால் சாய்ந்தார். நாவை மடித்து ஓர் ஒலி எழுப்பினார். ஆடு ஓட்டியவர்களுக்கே வரும் அந்த ஒலியை நான் கேட்டு நாற்பது ஆண்டுகள் இருக்கும். பிறகு, ஒருவரும் கேட்காமலே பேசத் தொடங்கினார்.

"என் சின்னப் பையன் ஒருத்தன் இருந்தான் சாமி. ஆட்டப் பாத்துக்கடான்னா பொஸ்தகத்த வெச்சிக்கினு குந்திக்குவான். ஒருநா ரெண்டு ஆட்டத் தொலைச்சிட்டு வந்து நின்னான். வெளக்குமாத்தால அடிச்சிட்டேன். ராவெல்லாம் சோறு தின்னாம தூங்கிட்டான்."

சற்று நிறுத்தி, "அது பாவமா சாமி?" என்றார்.

அது பாவசங்கீர்த்தனம் அன்று. ஆகவே இங்கே எழுதுகிறேன். அந்தச் சின்னப் பையன் நான்தான். ஆனால் அந்த அடி எனக்கு நினைவில்லை; எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. மறதி நோய் இல்லாத நான் மறந்துவிட்டேன். எல்லாம் மறந்த அம்மா அதை ஐம்பது ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். "நான்தானம்மா அவன்" என்ற சொல் என் நாவின் நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் திகைத்து, வெட்கி, வாய் மூடியிருப்பார். "பாவமில்லை அம்மா. அவன் அதை மறந்தே போய்விட்டான், உங்கள் மேல் அவனுக்கு ஒரு குறையும் இல்லை" என்றேன். "அப்பிடியா?" என்று பெருமூச்சு விட்டு, மறுபடி ஆடுகளைப் பார்த்தார்.

இந்தக் கருவி நோயைக் குணப்படுத்துவதில்லை. அம்மாவின் நோய் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அது செய்தது ஒன்றே: என்னைத் தேர்வாளன் இருக்கையிலிருந்து எழுப்பி, அம்மாவின் பக்கத்தில் அமர்த்தியது.

இத்தகைய முதியோர் உள்ள குடும்பத்தாருக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். முதலாவது, மறதி தொடங்கியதும் மருத்துவரிடம் காட்டுங்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் மறதி வருவதுண்டு. இரண்டாவது, கருவியைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். கால் மணி, இருபது நிமிடம் பக்கத்தில் இருங்கள். மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரே காட்சி, ஒரே ஓசை போதும்; தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். முகத்தில் அச்சம் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். நான்காவது, அவர்கள் சொல்வதைத் திருத்தாதீர்கள். ஐந்தாவது, அவர்கள் அழுவதையும் சிரிப்பதையும் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். தம் மானத்தைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர்கள் அவர்கள், காக்கவேண்டியவர்கள் நாம்.

இப்போது வியாழன்தோறும் போகிறேன். அண்ணன் மகன் ஷிப்டு முடிந்த கையோடு வந்து, "நீங்க எந்திரிங்க சாமி சித்தப்பா, நான் கொஞ்ச நேரம் ஆயாகூட ஆடு மேய்க்கிறேன்" என்கிறான். சென்ற வாரம் நான் விடைபெற எழுந்தபோது, அம்மா என் கையை விடவில்லை.

"ஒங்களப் பெத்தவங்க இருக்காங்களா சாமி?"

"இருக்கிறார்கள் அம்மா."

"அடிக்கடி போயிப் பாருங்க. எதிர்பாத்துக்கினு இருப்பாங்க."

"சரி அம்மா" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் உட்கார்ந்தேன்.