1970 ஜனவரி 1, காலை 5.30

அந்தப் பையன் வேலையை விட்டுப் போய் இரண்டு வாரம் கழித்துத்தான் நான் அந்த வரியைப் பார்த்தேன். 'பில்' என்ற புரோகிராம் செத்துப்போன நேரம்: 1970 ஜனவரி 1, காலை 5 மணி 30 நிமிடம் 11 விநாடி.

2020 ஊரடங்கு. சென்னை அறையைக் காலி செய்துவிட்டு மங்கலம்பேட்டை வந்திருந்தேன். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற சாலையில் இருக்கிற எங்கள் ஊரில், வீட்டு முன் அறையில் உட்கார்ந்தால்தான் போனில் டவர் கிடைக்கும். அப்பா எதிரே நாற்காலியில். முப்பது வருஷம் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சூளை பார்த்தவர். அவருக்கும் வேலை இல்லாத நாட்கள் அவை.

எங்கள் சர்வர்களில் ஒரு புரோகிராம் திடீரென்று செத்தால், லினக்ஸ் கர்னல் அதன் கடைசி நிமிட நினைவகத்தைப் படம் எடுத்துக் கொடுக்கும். கோர் டம்ப் என்பார்கள். 2006-இல் வந்த 2.6.19 பதிப்பிலிருந்து அந்தப் படத்தை நேராக வேறொரு புரோகிராமின் கையில் ஒப்படைக்கவும் முடியும். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். செத்தவரின் எண், பெயர், எந்த சிக்னலில் செத்தார், எத்தனை மணிக்கு என்பதற்கெல்லாம் அந்த வரியில் ஆளுக்கொரு குறி உண்டு. கர்னல் அந்த இடங்களை நிரப்பிவிட்டுக் கூப்பிடும். சாவுச் சீட்டு மாதிரி.

அந்த வரியையும், அதை வாங்கிக்கொள்கிற சின்ன ஸ்கிரிப்டையும் எழுதியது நான்தான். நினைவகப் படத்தில் வாடிக்கையாளர் விவரங்கள் இருக்கும் என்பதால் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு வரிக் குறிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட். வாராவாரம் எந்தப் புரோகிராம் எத்தனை தடவை செத்தது என்று எல்லோருக்கும் ஒரு மெயில் போகும். அதில் பெயரும் எண்ணிக்கையும் மட்டுமே. மூன்று மாதமாக 'பில்' முதலிடத்தில் இருந்தது. 'பில்' அந்தப் பையன் எழுதியது. அவனுடைய முதல் வேலை.

"அண்ணா, என்னோடது ஓடிக்கிட்டேதான் இருக்கு. நான் பார்க்கும்போது ஒருதடவைகூட விழல" என்று போனில் சொன்னான். "செத்தா தானா திரும்ப எழுந்துக்கும்டா, அதான் உனக்குத் தெரியல" என்றேன். ஒரே ஒரு நாள் அவன் புரோகிராமின் பிராசஸ் எண்ணையும் என் குறிப்பில் இருந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. என் ஸ்கிரிப்ட் பொய் சொல்லும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூட்டங்களில் அவன் பெயர் அடிபட்டது. அவனாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகும் வார மெயிலில் 'பில்' நிற்கவில்லை. அவனுடைய புரோகிராமை நிறுத்திவிட்டு வேறொன்று வைத்த வாரத்திலும் 'பில்' செத்தது. அப்போதுதான் மூலக் குறிப்பைத் திறந்தேன். நேரம் 1970. சிக்னல் என்ற இடத்தில் எண் இருக்க வேண்டும். 'மெயில்' என்று எழுதியிருந்தது.

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கணினி தன் காலத்தை 1970 ஜனவரி 1-இலிருந்து விநாடிகளாக எண்ணும். நம் நேரப்படி அந்தத் தொடக்கம் காலை ஐந்தரை. அதிலிருந்து 11 விநாடி. 11 என்பது நேரமே இல்லை. தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டதற்காகப் புரோகிராம் வாங்குகிற சிக்னலின் எண் அது. சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் 'மெயில்', நேரம் இருக்க வேண்டிய இடத்தில் சிக்னல். எல்லாமே ஒரு இடம் தள்ளி உட்கார்ந்திருந்தன.

செத்தது 'பில்' இல்லை. 'பில் மெயில்'. நடுவில் ஒரு இடைவெளி. அவன் வருவதற்கு முன்பே எங்கள் டீம் எழுதியது.

பழைய கர்னல் முதலில் குறிகளை நிரப்பும். பிறகு கிடைத்த முழு வரியையும் இடைவெளி பார்த்து வெட்டும். பெயருக்குள்ளேயே இடைவெளி இருந்தால் பெயரும் வெட்டுப்படும். ஒரு பெயர் இரண்டாகி, பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் ஒரு படி நகர்வார்கள். புது லேப்டாப்பில் சோதித்தேன், வரவில்லை. சர்வரில் இருந்த பழைய கர்னலை ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் ஏற்றி, பெயரில் இடைவெளி வைத்த குட்டிப் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டு, 11-ஆம் சிக்னலை அனுப்பிக் கொன்றேன். அதே 1970.

கையேட்டைத் திறந்தால் எல்லாம் அதிலேயே எழுதியிருக்கிறது. 2019 செப்டம்பரில் வந்த 5.3 பதிப்பில் இதைத் திருத்திவிட்டார்கள். திருத்தம் வெறும் வரிசை மாற்றம்தான்: முதலில் வெட்டு, பிறகு நிரப்பு. அப்படிச் செய்தால் பெயருக்குள் எத்தனை இடைவெளி இருந்தாலும் அது ஒரே பெயர். பழைய கர்னலை மாற்ற முடியாதவர்களுக்கும் வழி சொல்லியிருக்கிறது: பெயரைக் கடைசியில் வை, மிச்சம் வருகிற துண்டுகளை எல்லாம் சேர்த்துக்கொள். எங்கள் சர்வர்களை மாற்ற அனுமதி கிடைக்கவில்லை. அதனால் அதைத்தான் செய்தேன். பத்து நிமிட வேலை.

அப்பாவிடம் சொன்னேன். கர்னல் எல்லாம் அவருக்கு எதற்கு என்று நினைத்துச் சுருக்கமாகத்தான் சொன்னேன். எழுந்து போய் அலமாரியிலிருந்து உடைந்த பீங்கான் ஃப்யூஸ் கட்டை ஒன்றை எடுத்து வந்தார்.

"சூளையைத் தொறந்ததும் விரிசல் விட்ட சரக்கு இருந்தா, மொதல்ல சூளை பார்க்கிறவனைத்தான் புடிப்பாங்க. சூட்டை வேகமா எறக்கிட்டே, அதான் வெடிச்சுதுன்னு. நான் விளிம்பைத் தடவிப் பாருங்கம்பேன். கிளேஸ் உருகறதுக்கு முன்னாடியே விரிசல் இருந்திருந்தா, கிளேஸ் அதுமேல ஓடி வெளிம்பை மழுங்க வச்சிருக்கும். அப்போ தப்பு அச்சுலயோ காயப்போட்டதுலயோ. ஆறும்போது விட்ட விரிசல்னா கத்தி மாதிரி கூரா இருக்கும். அப்போ தப்பு என்னோடது."

கட்டையை என் கையில் கொடுத்தார். விளிம்பு மழுங்கியிருந்தது.

"இதுக்கு எனக்கு ரெண்டு நாள் சம்பளம் புடிச்சாங்க. யாரும் தடவிப் பார்க்கல" என்றார்.

கோர் டம்ப் என்ற பெயரில் இருக்கிற 'கோர்' எங்கிருந்து வந்தது என்று அவருக்குச் சொன்னேன். 1950-களிலும் 60-களிலும் கணினிகளின் நினைவகம் சின்னச் சின்னக் காந்த வளையங்களால் ஆனது. ஒரு வளையம் ஒரு பிட். ஃபெரைட் என்ற பொருள். இரும்பு ஆக்சைடோடு வேறு உலோக ஆக்சைடும் கலந்து, அழுத்தி, சூளையில் சுட்டு எடுப்பது. "அப்போ அதுவும் செராமிக்தானே" என்றார் அப்பா. ஆமாம் என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சாயங்காலம் வாசலில் நின்றவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் முதலில் எங்கள் மேலாளருக்கு மெயில் எழுதினேன். தவறு 'பில்' புரோகிராமில் இல்லை, என் ஸ்கிரிப்டில் என்று. அதைக் கூட்டத்திலும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். சொன்னார்கள், கடைசி இரண்டு நிமிடத்தில்.

பிறகு அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். இடைவெளி, வெட்டு, நிரப்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்போ என் கோடுல ஒண்ணுமே இல்லையாண்ணா?"

"ஒண்ணும் இல்லடா. தப்பு என்னோடது."

மறுமுனையில் பாத்திரம் விழுகிற சத்தம், யாரோ அவனைக் கூப்பிடுகிற சத்தம்.

"தினம் ராத்திரி எடுத்து வச்சுப் படிப்பேன்ணா. எங்க தப்பு இருக்குன்னு. வேலையை விட்டப்புறமும் படிச்சேன்."

என்ன சொல்வதென்று தெரியவில்லை. திரும்ப வருகிறாயா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். வரவில்லை. வேறு இடத்தில் நல்ல வேலையில் இருக்கிறான். பொங்கலுக்கு மெசேஜ் அனுப்புவான்.

அந்த ஃப்யூஸ் கட்டை இப்போது என் மேசையில் இருக்கிறது. யாருடைய புரோகிராமாவது விழுந்தது என்று குறிப்பு வந்தால், பெயரைப் படிப்பதற்கு முன் பிராசஸ் எண்ணைப் பார்க்கிறேன்.