மருந்து அடிக்கும் முன் ஒரு படம்

வாட்ஸ்அப்பில் எனக்கு வரும் பூச்சிப் படங்களில் பாதிக்கு மேல் வெறும் பச்சை மங்கல்தான். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. ‘சார், இது என்ன பூச்சி, என்ன மருந்து அடிக்கலாம்?’ என்று கூடவே ஒரு குரல் பதிவு. அந்தப் புள்ளி யாரென்று தெரியாமல் மருந்தைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வருவதில்லை.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று என் சட்டைப்பையில் இருக்கிறது. அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். சில வருடங்களுக்கு முன், போன் கேமராவில் மாட்டும் கிளிப் லென்ஸ் வாங்கினேன். சில நூறு ரூபாய்தான். இப்போது நான் பார்ப்பதை விவசாயியும் வீட்டம்மாவும் சேர்ந்தே பார்க்கிறார்கள். லீவு நாளிலும் வரப்பில் குனிந்து கிடப்பது பழகிவிட்டது. வீட்டில் இதற்குக் கேலி உண்டு.

போன கோடையில் ஒரு கொய்யாத் தோட்டம். காய்க்காம்பெல்லாம் மாவுப்பூச்சி. ஒரு ஏக்கர்தான், அந்தப் பெரியவருக்கு வருமானமே அதுதான். டேங்கில் மருந்து கலக்கத் தயாராக நின்றார். ‘பாருங்க சார், சிலது எவ்வளவு பெரிசா வளந்து ஓடுது!’ என்றார்.

ஓடுது என்றதும் எனக்குச் சந்தேகம். மாவுப்பூச்சி மெல்ல ஊரும், ஓடாது. படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். உடம்பெல்லாம் நீளநீளமாக வெள்ளை மெழுகு இழை, வாயில் ஒரு மாவுப்பூச்சி! அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-ல் இந்தியாவுக்கு வந்த வண்டு இது. மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே ஆய்வகத்தில் வளர்த்துத் தோட்டங்களில் விடுகிறார்கள். இரையைப் போலவே தோற்றம் இருப்பதால், பாவம், மருந்தில் இதுவும் சேர்ந்து சாகிறது.

‘ஐயா, கொஞ்ச நாள் பொறுங்க’ என்றேன். ‘காய் போச்சுன்னா நீங்க தருவீங்களா சார்?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும் எறும்பு ஏறாதபடி தரையைத் தொட்ட கிளைகளை வெட்டினோம். பொறிவண்டுப் புழு இல்லாத மோசமான கொத்துகளை மட்டும் அகற்றினோம். மூன்று நாளுக்கு ஒரு படம் அவரே அனுப்பினார். மூன்றாவது வாரம் காம்புகளில் பெரும்பாலும் வெறும் மெழுகுத் தூள்தான். கொஞ்சம் காய் வீணானது உண்மை. வாங்கிய மருந்து டப்பா திறக்காமலே கிடக்கிறது.

மக்காச்சோளத்தில் கதை வேறு. புழுவின் தலையில் தலைகீழான ‘ஒய்’ எழுத்தும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் படத்தில் தெரிந்தால் அது படைப்புழு. அங்கே காத்திருக்கக் கூடாது. இலையில் நூல்போன்ற காம்பின் நுனியில் வெள்ளை முட்டைகள் நின்றால் பூஞ்சணம் என்று பயப்பட வேண்டாம். அசுவினியைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சி இட்டவை அவை.

படம் எடுக்க வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். பனி ஈரத்தில் பூச்சிகள் மந்தமாக இருக்கும். இடது கையால் இலையைப் பிடித்து, போன் இருக்கும் கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டால் ஆடாது. பிளாஷ் வேண்டாம். திரையில் பூச்சியைத் தொட்டு, தெளிவானதும் எடுங்கள். இலையின் அடிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். முழுச் செடியும் தெரிய இன்னொரு படம் அவசியம். லென்ஸ் இல்லையென்றால் மிக நெருங்காமல் ஓர் அடி தள்ளி எடுத்து, அதை ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள், பெரிதாக்கிப் பார்ப்பதை நாங்கள் செய்துகொள்கிறோம்.