கொலுவுக்கு வந்த நீலகிரி ரயில்

கொலுப்படிக்குக் கீழே 'பார்க்' வைப்பது மயிலாப்பூர் வீடுகளில் பழைய வழக்கம். நாலு நாள் முன்னதாகத் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகும் கடுகும் தூவி வைத்தால் பச்சைப் புல்தரை தயார். நடுவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தால் குளம். குளத்தில் இரண்டு வாத்து, கரையில் ஒரு பிள்ளையார், சுற்றி வர ஒரு பொம்மை ரயில். இந்த வருஷம் ரயிலுக்கு மட்டும் முதலிடம் கொடுத்துவிட்டோம். ஏதோ ஒரு ரயில் அல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் போகிறதே, அந்த நீலகிரி மலை ரயில்.

இதற்குக் காரணம் என் மாமியார். சிறு வயதில் குன்னூரில் வளர்ந்தவர். அவருடைய அப்பா அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஐந்து மாதம் முன்பு கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி வீடு வந்தார். "தினம் நடக்க வேண்டும், நடந்தால்தான் கால் நிற்கும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் அம்மாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. வாக்கரைக் கட்டில் ஓரமாக நிறுத்தி அதில் துண்டு காயப்போட ஆரம்பித்துவிட்டார். விழுந்த பயம் இருக்கிறதே, அது முறிந்த எலும்பைவிட மெதுவாகத்தான் கூடும்.

சரி, ரயிலுக்கு வருகிறேன்.

போன கோடையில், அம்மா விழுவதற்கு முன்னால், குழந்தைகளோடு அந்த ரயிலில் போய் வந்தோம். சென்னை சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியற்காலை மேட்டுப்பாளையம். அங்கே நீலமும் கிரீம் நிறமுமாகச் சின்னப் பெட்டிகள் காத்திருக்கின்றன. மீட்டர் கேஜ் பாதை. கல்லாறு வரை பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சமதரையில் சாதுவாக ஓடுகிறது. கல்லாறு தாண்டியதும்தான் மலை. 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் இந்தப் பாதை திறக்கப்பட்டது. மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். ஏறுவதற்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகிறது. அவசரக்காரர்கள் பஸ்ஸில் போகலாம்!

கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் 12-க்கு 1. அதாவது பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறும். சாதாரண ரயில் எஞ்சின் இந்த மாதிரி ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் ஒரு பல்சக்கரம் அந்தப் பல்லைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. பட்டை ஒன்று அல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம். அதனால் எந்த நிமிஷமும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் கண்டுபிடித்த முறை இது. எஞ்சின்களும் அந்த நாட்டு விண்டர்தூரில் செய்து வந்தவையே. பிற்காலத்தில் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் புதிதாகச் செய்தார்கள். இந்தியாவில் பல்சக்கர ரயில் இது ஒன்றுதான். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இதை வீட்டில் செய்ய உட்கார்ந்ததும் என் கணவர் பென்சிலும் பேப்பருமாகக் கணக்குப் போட்டார். மாதிரி ரயில் செய்கிறவர்கள் உலகமெங்கும் அதிகமாக எடுத்துக்கொள்ளும் அளவு 87-ல் 1. அந்தக் கணக்கில் முழுப் பாதையையும் செய்தால் நீளம் 529 மீட்டர். மாட வீதிகளைத் தாண்டிப் போய்விடும். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், ஊட்டி 2203 மீட்டர். இந்த வித்தியாசத்தை 87-ஆல் வகுத்தால் சுமார் 71 அடி. கபாலி கோவில் ராஜகோபுரம் சுமார் 120 அடி. ஊட்டி ஸ்டேஷன் கோபுரத்தில் பாதிக்கு மேலே உட்கார்ந்திருக்கும்!

ஆகவே மலையைச் சுருக்கினோம். நடுவில் ஆறடி நீளம் மட்டும் ஏற்றம், கீழ்ப் பக்கம் கல்லாறு, மேல் பக்கம் குன்னூர். ஆறடிப் பலகைக்கு அரை அடி உயர்த்த வேண்டும். மூன்றங்குலச் செங்கல் இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் அசல் ஏற்றம் வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பார்க்க லேசாகத் தெரிகிற சரிவு, ஆனால் மகனுடைய பேட்டரி ரயில் அதில் ஒரு சாண்கூட ஏறவில்லை. சுவிட்சர்லாந்துக்காரர் ஏன் மண்டையை உடைத்துக்கொண்டார் என்பது அப்போதுதான் புரிந்தது.

கொலு தரையில் இருந்தால் அம்மாவால் பார்க்க முடியாது. குனியக் கூடாது, தாழ்வாக உட்காரவும் கூடாது என்று உத்தரவு. அதனால் சாப்பாட்டு மேஜையைக் கூடத்துக்குத் தள்ளி அதன் மேல் மலை எழுப்பினோம். நவராத்திரி முடியும்வரை எங்களுக்குத் தரையில் இலை!

பொருள்கள் எல்லாம் நடந்து போய் வாங்கக்கூடிய தூரம்தான். மேலே பாலத்தில் திருமயிலைப் பறக்கும் ரயில் ஓட, கீழே நான் மலை ரயிலுக்குச் சாமான் தேடி அலைந்தேன். வடக்கு மாட வீதி நடைபாதைக் கடைகளில் பொம்மை குவிந்திருக்கும் சமயம். கையளவுகூட இல்லாத மனிதர்கள், ஆடு மாடு எல்லாம் கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்தவர்கள் காலையில் போக வேண்டாம், சாயங்காலம் மழைத் தூறலில் போகவும். மலைக்குத் தெர்மோகோல், மேலே பழைய செய்தித்தாளை மைதாப் பசையில் ஒட்டி மூன்று அடுக்கு. (பூச்சி வராமல் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அது கூடவே கூடாது, விஷம்.) குகைக்குக் கொட்டாங்கச்சி. பாக்கு மரத்துக்குத் துடைப்பக்குச்சி, நுனியில் பச்சைக் காகிதம். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை ரிப்பன் ரிப்பனாக வெட்டி வரிசையாக ஒட்டினால் அப்படியே தேயிலைத் தோட்டம்.

மீட்டர் கேஜுக்கு இந்த அளவில் 12 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம். அதையும் சக்கரங்களையும் மட்டும் தபாலில் வரவழைத்தோம். விலை கொஞ்சம் கடிக்கத்தான் செய்தது. பெட்டிகள் அட்டையில் நாங்களே செய்தவை.

பல் பட்டைக்கு என்ன செய்வது? தி. நகர் ரங்கநாதன் தெருவில் பிளவுஸுக்கு ஹூக் வாங்கப் போனபோது தையல் சாமான் கடையில் ஜிப் தொங்கிக்கொண்டிருந்தது. மூடிய ஜிப்பைப் பாருங்கள், இரண்டு வரிசைப் பல், ஒன்றின் இடுக்கில் ஒன்று! மெல்லிசான ஜிப்பாக வாங்கி, துணி ஓரத்தை வெட்டித் தண்டவாளத்துக்கு நடுவே ஒட்டியதும் இவர் அரை நிமிஷம் என்னையே பார்த்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இவர் அப்படிப் பார்த்தது இரண்டாவது தடவை.

ஜிப் அழகுக்குத்தான். இழுப்பது நைலான் நரம்பு. எஞ்சினில் கட்டி, பெட்டிகளுக்கு அடியிலேயே மேலே கொண்டுபோய், குன்னூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு காலி நூல்கண்டில் சுற்றினோம். கண்டைச் சுற்றினால் ரயில் ஏறும். விட்டால் தானே இறங்கும்.

மகன் எஞ்சினை முன்னால் வைத்துப் பெட்டிகளைப் பின்னால் கோத்திருந்தான். அறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "ஏண்டா, எஞ்சினைக் கொண்டுபோய் முன்னாடி வெச்சிருக்கே? மலை ரயிலுக்கு எஞ்சின் கீழ்ப் பக்கம்னா இருக்கணும்! பின்னாலேர்ந்து தள்ளிண்டு போகும்" என்றார். உண்மைதான். ஏறும்போது ஏதாவது இணைப்பு அறுந்தாலும் பெட்டி உருண்டு ஓடாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ளும். முன்னால் பாதை டிரைவருக்குத் தெரியாதாகையால், பெட்டி வாசலில் நிற்கும் பிரேக் ஆட்கள் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் காட்டிச் செய்தி அனுப்புவார்கள்.

"கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமீட், காட்டேரி, குன்னூர்..." அம்மா ஒப்பித்துக்கொண்டே போனார். "வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி." ஒன்றுகூட விடவில்லை. கேத்தி என்றதும் என் பெண், "'மூன்றாம் பிறை'யில் கடைசியில் வருமே, அந்த ஸ்டேஷனா பாட்டி?" என்று கேட்டாள். "அந்த சினிமாவுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே நான் அங்கே இறங்கியிருக்கேன்" என்று பதில் வந்தது.

மறுநாள் கூடத்தில் டக் டக் என்று சத்தம். துண்டை எடுத்துவிட்டு வாக்கரைப் பிடித்து அம்மா வந்துகொண்டிருந்தார். கட்டிலிலிருந்து மேஜை வரை பதினெட்டு அடி. நான் எதுவும் சொல்லவில்லை, கையும் கொடுக்கவில்லை, பின்னால் நின்றுகொண்டேன். ஹில்குரோவில் குரங்கு இல்லை என்று குறை சொன்னார். அங்கே எஞ்சின் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் குரங்குக் கூட்டம் ஜன்னலுக்கு வந்துவிடுமாம்.

அதற்குப் பிறகு பிரேக் வேலை அவருடையது. ஏற்றுவது குழந்தைகள். இறங்கும்போது நூல்கண்டில் கட்டை விரலை அழுத்தி மெதுவாக விடுவது பாட்டி. "இறக்கந்தான் கஷ்டம், யார் வேணா ஏத்தலாம்" என்று சுண்டலுக்கு வந்த மாமிகளிடமெல்லாம் விளக்கினார். காலை ஒரு நடை, விளக்கேற்றியதும் ஒரு நடை. ஐந்தாம் நாள் கொலுவில் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிய மகன் சற்றுத் தாராளமாக ஊற்ற, மண் கரைந்து தண்டவாளத்தில் வந்து விழுந்தது. "ஐப்பசி மழையில் நிஜப் பாதையும் இப்படித்தான் மூடிக்கும்" என்று சொல்லி, நின்றபடியே ஸ்பூனால் மண்ணை வாரினார். பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றிருப்பார். அவர் கவனிக்கவில்லை, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னக் குழந்தைகள் வரும் வீடுகளில் ஒரு எச்சரிக்கை. ஸ்டேஷன் விளக்குக்குப் பொத்தான் மாதிரி வட்ட பேட்டரி போடாதீர்கள். விழுங்கிவிட்டால் உள்ளே புண்ணாக்கி உயிருக்கே ஆபத்து. நாங்கள் ஸ்க்ரூ போட்டு மூடும் பேட்டரிப் பெட்டி வைத்தோம்.

விஜயதசமி ராத்திரி பொம்மைகளைப் படுக்க வைத்தோம். ரயிலை மட்டும் பெட்டியில் வைக்க அம்மா விடவில்லை. குன்னூருக்கு மேலே பல் பட்டை கிடையாது, டீசல் எஞ்சின் சாதாரணத் தண்டவாளத்திலேயே ஊட்டிவரை போய்விடுகிறது. ஆகவே மேற்கொண்டு ஜிப் வாங்க வேண்டாம் என்று கணக்கு. வெலிங்டனை ஷோகேஸ் மேலும், அரவங்காட்டை வாசல் ஜன்னலிலும் வைக்கலாம் என்று இடம் பார்த்திருக்கிறார். வாசல் ஜன்னல், கட்டிலிலிருந்து முப்பத்திரண்டு அடி.