102 என்ற குறியீடு

திங்கள்

தணிக்கைக் குழுவிடமிருந்து ஒரு எக்செல் கோப்பு. ஆரக்கிள் டேட்டாபேஸில் யார் எப்போது லாகின் செய்தார், எப்போது வெளியேறினார் என்ற பட்டியல். ஒரு வரியின் பக்கத்தில், "இரவு 2.10 வரை இவருக்கு உள்ளே என்ன வேலை?" என்று குறிப்பு. அவர் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா. மாலை ஆறு மணி பஸ்ஸை விடவே மாட்டார். விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் போகும் முன் மூலப் பதிவைப் பார்த்தாக வேண்டும்.

செவ்வாய்

எக்செலில் நேரம் மட்டும்தான் இருந்தது. செஷன் எப்படி முடிந்தது என்ற விவரத்தை விட்டுவிட்டார்கள். ஆரக்கிளின் பழைய ஆடிட் பதிவில் லாகினுக்கு 100 என்று ஒரு வரி விழும். ஆள் முறையாக வெளியேறினால் அதே வரி 101 ஆகி, நேரமும் ஏறும். இணைப்பு அறுந்துபோய், பிமான் என்ற பின்னணிச் செயலி அதைக் கண்டு துப்புரவு செய்தால் 102. அக்காவின் வரியில் 102. அதாவது 2.10 என்பது செஷன் செத்த நேரம். மனுஷி கிளம்பிய நேரமல்ல.

அன்றிரவு டெஸ்க்டாப்களுக்கு விண்டோஸ் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். அக்கா திறந்தபடியே விட்டுப்போன எஸ்க்யூஎல் டெவலப்பர் அப்போதுதான் மூடியிருக்கிறது.

இது மட்டும் போதாது என்று ஏஎஸ்எச் வரலாற்றையும் பார்த்தேன். இயங்கிக்கொண்டிருக்கும் செஷன்களை நொடிக்கொரு முறை மாதிரி எடுப்பது அது. வட்டில் பத்தில் ஒன்றுதான் தங்கும். மாலை 5.47-க்குப் பிறகு அவர் பெயரில் எதுவும் இல்லை. சட்டென்று முடிந்த ஒரு குவெரி இந்தச் சல்லடையில் தப்பியிருக்கலாம். ஆகவே 'அவர் எதுவும் செய்யவில்லை' என்று எழுத மாட்டேன். 'செய்ததற்குச் சான்று இல்லை' என்றுதான் எழுதுவேன்.

புதன்

"லாகாஃப் டிரிகர் ஒன்று எழுதி நம்ம டேபிளிலேயே நேரத்தைப் போட்டுக்கலாமே சார்" என்றான் தம்பி ஒருவன். ஒழுங்காக வெளியேறுகிறவர்களுக்குத்தான் அந்த டிரிகர் ஓடும். இணைப்பு அறுந்தாலோ, நாமே செஷனைக் கொன்றாலோ ஓடாது. நமக்குச் சந்தேகம் வரும் இடமே அதுதான். லாகின் டிரிகரில் பிழை வந்தாலோ நிலைமை இன்னும் மோசம், சாதாரணப் பயனர் ஒருவர்கூட உள்ளே வர முடியாது. டேட்டாபேஸே வைத்திருக்கும் ஆடிட்டை நம்புவது மேல் என்றேன். புரிந்துகொண்டான்.

அப்ளிகேஷன் சர்வர் வழியாக வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பயனர் பெயர். அப்ளிகேஷன் கிளையன்ட் ஐடென்டிஃபயரை நிரப்பாதவரை அங்கே யார் என்று சொல்லவே வழியில்லை. அதை நிரப்பச் சொல்லி டெவலப்பர்களிடம் கேட்டிருக்கிறேன்.

வெள்ளி

தணிக்கைக் குழுவுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். இனி அறிக்கையில் முடிந்த விதமும் ஒரு நெடுவரிசையாக வர வேண்டும், 102 என்று இருக்கும் நேரத்தை வைத்து யாரிடமும் விளக்கம் கேட்கக் கூடாது என்று எழுதினேன். தவறான பாஸ்வேர்டுக்கு விழும் 1017-ஐத் தனியாகப் பார்க்கச் சொன்னேன். ஒரே கணினியிலிருந்து பல பயனர் பெயர்களில் அது வந்தால் உடனே எழுந்து உட்கார வேண்டும்.

இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட ஆணைப்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்கிறோம். அந்த 180 நாளுக்குள் விளக்கம் கேட்கப்பட்ட மற்றவர்களின் பட்டியலையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வரிகளிலும் என்ன குறியீடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.