ஸ்தம்பித்த சர்வரும் அதை விசாரிப்பவர்களும்

லினக்ஸ் கெர்னலை வேண்டுமென்றே திணற அடித்து, அது அசைவற்று நின்றபின் எதனால் நின்றது என்று விசாரிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட சிலர் பெங்களூரின் ஒயிட்ஃபீல்டு பகுதியில் ஒரு கம்பெனியில் இருக்கிறார்கள் என்று அறிந்து, அவர்கள் வேலை செய்யும் முறையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி பெற்றுச் சென்றேன். கம்ப்யூட்டர் நின்றுபோனால் பவர் பட்டனை அழுத்துவது ஒன்றே நம்மில் பலருக்குத் தெரிந்த பரிகாரம். அங்கோ அது அபசாரம். "ரீபூட் பண்ணிட்டா வேலை நடக்கும் சார். ஆனா எதனால நின்னுச்சுங்கிறது மெமரியோட அழிஞ்சு போயிடும்" என்றார் அந்தக் குழுவின் தலைவரான திருநெல்வேலிக்காரர்.

அன்று அவர்கள் கையில் இருந்தது, ஒரு வாடிக்கையாளரின் பழைய சர்வரில் கோப்புகளை எழுதும் பளு உச்சத்துக்குப் போகும்போது மட்டும் நேர்ந்துவந்த முடக்கம். எப்போதோ வரும் கோளாறை நினைத்த வேளையில் வரவழைப்பதுதான் இந்தத் தொழிலில் பாதிச் சாமர்த்தியம். தாராளமான மெமரி கொண்ட இயந்திரத்தை, பூட் ஆகும்போதே 512 எம்.பி.க்கு மேல் தொடக் கூடாது என்று கட்டிப்போட்டு, அந்த வறுமையின்மேல் எஃப்எஸ்ஸ்ட்ரெஸ் என்னும் கருவியை ஏவினார்கள். எஸ்.ஜி.ஐ. நிறுவனத்தார் தம்முடைய எக்ஸ்.எஃப்.எஸ். ஃபைல் சிஸ்டத்தைப் பரீட்சிக்க வைத்திருந்த கருவிகளில் ஒன்றான அது, கோப்புகளை உண்டாக்குவது, பெயர் மாற்றுவது, அழிப்பது ஆகிய எல்லாவற்றையும் யாதொரு ஒழுங்குமின்றிப் பல ப்ராசஸ்களைக் கொண்டு ஒரே சமயத்தில் செய்விக்கும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இயந்திரம் நின்றது. நின்றது என்று சொல்வதும் முழு உண்மையன்று. பிங் அனுப்பினால் உடனே பதில் வந்தது, ஆனால் உள்ளே நுழைய முயன்றால் பாஸ்வேர்டைக் கொடுத்தபின் யுகம் யுகமாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. நெட்வொர்க் கேள்விகளுக்கு விடையளிக்கும் பகுதி டிஸ்கை நாடாமலே தன் காரியத்தைச் செய்துவிடும் என்பதால், உயிர் இருப்பதுபோன்ற இந்தத் தோற்றம். உள்ளேயோ ஒவ்வொரு ப்ராசஸும் 'டி' என்ற எழுத்தால் குறிக்கப்படும் உறக்கத்தில் இருந்தது. அந்த நிலையில் இருப்பதை கில் மைனஸ் 9 கொடுத்தும் கொல்ல முடியாது.

120 விநாடிகள் கழிந்ததும், ஒரு ப்ராசஸ் நகராமல் கிடக்கிறது என்ற முறையீடு திரையில் விழுந்தது. தொடர்ந்து வேறு பல. இளைஞர் ஒருவர் முதல் முறையீட்டை ஆவலோடு படிக்கத் தொடங்க, தலைவர் கைகாட்டி நிறுத்தினார். "முதல்ல கத்துறவன் பெரும்பாலும் அடிபட்டவன்தான்பா. அடிச்சவன் கத்தமாட்டான்." மேலும், இந்த முறையீடுகள் இயல்பான அமைப்பில் 10 எண்ணிக்கையோடு நின்றுவிடுமாம், பதினோராவதாகச் சொல்லவேண்டியிருந்தவன் வாய் திறக்க வழியில்லை. ஆகவே சீரியல் கன்சோலின் வழியே பிரேக் சமிக்ஞை அனுப்பி, 'டபிள்யூ' எழுத்தைத் தட்டினார்கள். உறங்கிக் கிடந்த அத்தனை ப்ராசஸ்களின் கால் டிரேஸும், அதாவது எந்தெந்த ஃபங்ஷனுக்குள் புகுந்து எங்கே வந்து நிற்கிறது என்ற வரலாறும், சரசரவென்று இறங்கியது.

அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருந்தன: எல்லாம் ஈ.எக்ஸ்.டி.4 ஃபைல் சிஸ்டத்தில், மாற்றங்களை முன்கூட்டியே பதிந்துவைக்கும் குறிப்பேடான ஜர்னலில் புதிய டிரான்சாக்‌ஷன் தொடங்க வாசலில் நிற்பவை. ஜர்னலை நடத்தும் ஜேபிடி2 திரெட்டோ, பழைய டிரான்சாக்‌ஷனில் இன்னும் பங்குகொண்டிருக்கும் எவனோ ஒருவன் வெளியேறினால்தான் கமிட்டை முடிப்பேன் என்று காத்திருந்தது. அந்த எவனோ ஒருவனைத் தேடித் தலைவரின் விரல் திரையில் மெதுவாக ஊர்ந்து, மற்றவற்றைவிட நீளமாக இருந்த ஒரு டிரேஸில் நின்றது. டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்கும்போதே அந்த ப்ராசஸ் கொஞ்சம் மெமரி கேட்டிருக்கிறது. மெமரி இல்லாமையால் கெர்னல், பழைய ஐநோடுகளை, அதாவது கோப்புகளைப் பற்றிய குறிப்புகளை, வெளியேற்றி இடம் தேட, அதே ஃபைல் சிஸ்டத்துக்குள் மறுபடி நுழைந்திருக்கிறது. அங்கே ஓர் ஐநோடை விடுவிக்க, நடந்துகொண்டிருக்கும் கமிட் முடியவேண்டும் என்று காத்து நின்றுவிட்டது. கமிட் இவனுக்காகக் காத்திருக்க, இவன் கமிட்டுக்காகக் காத்திருக்கிறான். ஒருவன் வாளியையும் மற்றவன் கயிற்றையும் பிடித்துக்கொண்டு, உன்னுடையதை முதலில் கொடு என்று கிணற்றடியில் நிற்பதுபோல.

இவ்வகை வளையத்தைப் பொதுவாகவே தடுக்கும் ஏற்பாடு 2017-இல், 4.12 பதிப்பில் ஜர்னலுக்குள் வந்துவிட்டது; டிரான்சாக்‌ஷன் தொடங்கியவுடன், இனிக் கேட்கும் மெமரிக்காக ஃபைல் சிஸ்டத்துக்குள் திரும்பி வராதே என்ற குறி தானாகவே விழுந்துவிடும். வாடிக்கையாளரின் கெர்னல் அதற்கு முந்தியது. அதில் பிற்காலத்தில் யாரோ சேர்த்த சில வரிகள், ஃபைல் சிஸ்டத்துக்குள் போகாமல் மெமரி கொடு என்று பொருள்படும் ஜி.எஃப்.பி. நோஎஃப்எஸ் என்று கேட்கவேண்டிய இடத்தில், அந்தத் தடை இல்லாத ஜி.எஃப்.பி. கெர்னல் என்று கேட்டிருந்தன. இத்தகைய தவற்றை முன்கூட்டியே பிடிக்கவும் ஒரு கருவி உண்டு. இங்கோ மோல்னார் என்பவர் எழுதி 2006-இல் கெர்னலில் சேர்ந்த லாக்டெப் என்னும் அது, பூட்டுகளைப் பிடிக்கும் வரிசை முன்னுக்குப்பின் முரணாக இருப்பதைக் கண்டாலே, முடக்கம் நேராமலேயே எச்சரிப்பது. அது இயந்திரத்தின் வேகத்தைக் குறைப்பதால் வாடிக்கையாளர்களுக்குப் போகும் கெர்னலில் வைப்பதில்லை. சோதனைக்கூடத்திலும் அதைப் போட்டு ஓட்டாதவர்கள்மேல் எனக்கு அனுதாபம் இல்லை.

திருத்தம் ஒரே வார்த்தை. அதை இட்டு மறுபடி எஃப்எஸ்ஸ்ட்ரெஸை ஏவியபோது மாலைவரை இயந்திரம் நிற்கவில்லை, இளைஞர் சந்தோஷப்பட்டார். தலைவர் சந்தோஷப்படவில்லை. நிற்காமல் ஓடியது மட்டும் சான்றாகாது, செய்தி அச்சிடும் ஒரு பிரின்ட்கே வரியைச் சேர்த்தாலே கால அளவு மாறி முடக்கம் மறைந்துபோகக்கூடும் என்பது அவர் கட்சி. லாக்டெப் சேர்த்த கெர்னலில் பழைய வரியை வைத்து ஓட்டி எச்சரிக்கை வருவதையும், புதிய வரியை வைத்து ஓட்டி வராததையும் காட்டச் சொன்னார். பிறகு அந்த ஒரு வார்த்தைக்கு விளக்கமாக இளைஞர் ஒரு பக்கத்துக்குக் கமிட் மெசேஜ் எழுதிக்கொண்டுவர, யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்ற பகுதியை அப்படியே இருக்கவிட்டு, 'மிகவும் அபாயகரமான' என்ற அடைமொழியை மட்டும் அடிக்கச் சொன்னார்.