மலட்டுக் கதிரும் கலவன் எடுக்கும் கண்ணும்

தெலங்கானாவின் கரீம்நகர், வாரங்கல் பக்கம் மார்ச் மாதத்தில் போனால், விதைநெல் வயலைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். பயிர் ஒரே மட்டமாக இராது. உயர்ந்த ஆண் பயிர் இரண்டு வரிசை, அடுத்துக் குட்டையான பெண் பயிர் எட்டோ பத்தோ வரிசை, மறுபடி ஆண் என்று பட்டை பட்டையாக நிற்கும். வெயில் ஏறிப் பூ விரிந்ததும், எதிரெதிர் வரப்பில் இருவர் நின்று நீளக் கயிற்றை ஆண் கதிர்களின்மேல் உரசியபடி இழுத்துப்போகிறார்கள். மகரந்தம் மஞ்சள் புழுதியாகக் கிளம்பிப் பெண் கதிர்களில் படிகிறது. அரைமணிக்கு ஒருமுறை, நாளுக்கு மூன்று நான்கு தடவை, பூப்பு முடியும்வரை இதே வேலை. இந்தியாவில் விற்கும் வீரிய ஒட்டு நெல் விதையில் மிகப் பெரும்பங்கு இந்த வயல்களில்தான் விளைகிறது. அங்கே பார்த்ததிலிருந்து எனக்குத் தெளிவானது ஒன்று: பெண் பயிரில் மகரந்தம் உண்டாகாத ஆண்மலட்டுத் தன்மை விதைத் தொழிலில் மிச்சப்படுத்தியது விரல் வேலையை மட்டும்தான். கண்ணால் செய்யும் வேலையை அது பெருக்கியது. அந்த வேலை திறனாக எண்ணப்படுவதில்லை.

விரல் வேலை என்பது என்னவென்று பருத்தியைப் பார்த்தால் விளங்கும். 1970இல் சூரத்தில் சி.டி. படேல் தந்த ஹைபிரிட்-4 முதல் இன்றுவரை, பெரும்பாலான ஒட்டுப் பருத்தி விதைக்கு மாலையில் மொட்டைப் பிரித்து மகரந்தத் தாள்களைக் கிள்ளுகிறார்கள். மறுநாள் காலை வேறு செடியின் மகரந்தத்தைத் தடவுகிறார்கள். பருத்தியில் இது கட்டுப்படியாகிறது. ஒரு காய்க்குள் பல விதை. நெல்லில் ஒரு பூவுக்கு ஒரே மணி. அந்தச் சிறு பூவுக்குள் ஆறு மகரந்தப் பைகள். ஏக்கர் கணக்கில் அதைக் கிள்ளுவது நடவாத காரியம். 1970 நவம்பரில் சீனாவின் ஹைனான் தீவில், யுவான் லோங்பிங் குழுவினர் மகரந்தம் சூம்பிய ஒரு காட்டுநெல்லைக் கண்டெடுத்த பிறகுதான் வழி திறந்தது. அந்த மலட்டுத்தன்மை மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதால் தாய்வழியாக மட்டுமே இறங்கும். மூன்று பயிர் வேண்டும்: மகரந்தம் இல்லாத ஏ, அதை ஆண்டுதோறும் பெருக்கித்தர, எல்லா வகையிலும் அதைப் போலவே இருந்து மகரந்தம் மட்டும் உள்ள பி, விவசாயி வயலில் மணி பிடிப்பதற்காக மகரந்த வளத்தை மீட்டுத் தரும் ஆர். 1976 முதல் சீனாவிலும், 1994 முதல் இந்தியாவிலும் இந்த முறையில் வந்த நெல் சாகுபடிக்குக் கிடைக்கிறது. அந்த முதல் அணியில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோஆர்எச் 1 ரகமும் உண்டு.

இனி வயல் வேலை. அங்கே பெண் வரிசை ஏ, ஆண் வரிசை ஆர். ஏ பயிரின் கதிர் முழுவதும் வெளியே வராது. அடிப்பகுதி உறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதை இழுத்துவிட ஜிப்ரலிக் அமிலம் தெளிக்க வேண்டும். அது தண்ணீரில் எளிதில் கரையாது. முதலில் ஆல்கஹாலில் கரைத்துக்கொள்கிறார்கள். மகரந்தம் தடையின்றிப் பறக்கக் கண்ணாடி இலையைக் கத்தரிக்கிறார்கள். ஆணும் பெண்ணும் ஒரே நாளில் பூக்க வேண்டுமே என்று ஆண் பயிரைத் தவணை வைத்து விதைக்கிறார்கள். பிறகு தூரைப் பிளந்து உள்ளே இருக்கும் குருத்துக் கதிரின் வளர்ச்சியை ஒப்பிட்டு, முந்தும் பயிரை யூரியா தெளித்துத் தாமதப்படுத்துகிறார்கள். பிந்தும் பயிரை மணிச்சத்துக் கரைசல் தெளித்து விரைவுபடுத்துகிறார்கள். இவ்வளவும் பழகியவர் கையில் வந்துவிடும். கலவன் எடுப்பது, அதாவது வரிசைக்குள் கலந்துவிட்ட வேற்றுச் செடியைக் களைவது, அப்படியல்ல. ஏ வரிசைக்குள் ஒரு பி செடி நுழைந்திருந்தால் இலை, தண்டு, உயரம் எதிலும் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. இரண்டு மூன்று நாள் முந்திப் பூப்பதும், கதிர் முழுதாக வெளிவந்திருப்பதும், மகரந்தப் பை வெளிறிச் சூம்பாமல் மஞ்சளாகப் பருத்திருப்பதும்தான் அடையாளம். பெண்கள் காலை வேளையில் வரிசைக்கு வரிசை நடந்து, கதிர் கதிராகப் பார்த்து அதைப் பிடுங்கி வெளியே போடுகிறார்கள். ஒன்றைத் தவறவிட்டால் அதன் மகரந்தம் சுற்றியுள்ள ஏ கதிர்களில் விழும். அங்கே பிடிக்கும் மணி ஒட்டுவிதை அல்ல, மறுபடியும் ஏ. அதை விலைகொடுத்து வாங்கி நடும் விவசாயியின் வயலில் பாதிக் கதிர் உறைக்குள் நிற்க, பதர் தொங்கும். ஆய்வுக்கூடம் பல ஆண்டு உழைத்துச் சேர்த்த வீரியம், இந்தப் பெண்களின் பார்வையைக் கடந்துதான் பைக்குள் போகிறது.

இது பழகினால் எவருக்கும் வருவதுதானே, உண்மையான அறிவு ஏ பயிரை உருவாக்கியவர்களுடையது அல்லவா என்று கேட்கலாம். உருவாக்கியவர்களின் பெருமையில் குறைவில்லை. ஆனால் பழக்கத்தால் வருவது அறிவல்ல என்றால் அறுவை மருத்துவரின் கையையும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும். இயந்திரம் வந்துவிடும் என்பது அடுத்த வாதம். கயிற்றின் வேலையை ஹெலிகாப்டரும் ட்ரோனும் செய்ய முடியும். சீனாவில் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் இறக்கைக் காற்றுக்கு ஏ எது, பி எது என்று தெரியாது. கூலி ஏறினால் விதை விலை ஏறி, வாங்கும் சிறு விவசாயிதானே சுமப்பார் என்பதுதான் மூன்றில் கனமான கேள்வி. ஒட்டு நெல்லுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 15 முதல் 20 கிலோ விதை போதும். கலவன் எடுப்பவருக்குச் சேர்த்துத் தரும் தொகை விதை வயலின் மொத்த விளைச்சலில் பரவி, இந்தச் சில கிலோவின் விலையில் சேரும்போது சிறிதாகிவிடும். பதரால் போகும் ஒரு பருவத்தோடு அதை ஒப்பிடவே முடியாது. உண்மையில் பாரம் இப்போது தவறான தோளில் இருக்கிறது. தூய்மைச் சோதனையில் விதை தோற்றால், நிறுவனத்துக்காக அதை விளைவித்த ஒப்பந்த விவசாயிக்குப் பணம் நிற்கிறது. அவர் கையைச் சுருக்கும்போது முதலில் குறைவது கலவன் எடுக்கும் ஆட்களின் எண்ணிக்கை. தூய்மையைக் கோருகிறவர்களே தூய்மையைத் தருகிற வேலைக்குச் செலவு ஒதுக்காமல் விடுகிறார்கள்.

விதை நிறுவனங்களும் சான்றளிப்புத் துறையும் செய்யக்கூடியது எளியது. உற்பத்தி ஒப்பந்தத்தில் கலவன் எடுப்பதற்குத் தனி வரி எழுதுங்கள்: எத்தனை சுற்று, சுற்றுக்கு எத்தனை பேர், நாற்று நடவை விட எவ்வளவு கூடுதல் கூலி. பூப்பு தொடங்குமுன் அந்தப் பணம் வயலுக்கு வந்து சேரட்டும்.